எஃப்41.9 என்னும் போலிப் பாதுகாப்பு

"டாக்டர் ஆங்சைட்டின்னு எழுதியிருக்காரா? எஃப்41.9 போடு, அடுத்த சார்ட்டை எடு."

ஓ.எம்.ஆரிலும் கிண்டியிலும் அம்பத்தூரிலும் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களின் காதில் சீக்கிரமே விழுகிற அறிவுரை இது. சொல்கிற சீனியர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ‘வகை குறிப்பிடப்படாத பதற்ற நோய்’ என்று பொருள்படும் அந்தக் கோடு ஆடிட்டில் அடிபடாது, கிளைமும் பெரும்பாலும் திரும்பி வராது, அன்றைய டார்கெட்டையும் இடிக்காது. அதனால் அதற்கு ‘சேஃப் கோடு’ என்று பெயர் நிலைத்துவிட்டது. உடல்நோய் ஒன்று கிளப்பிவிட்ட பதற்றமாக இருந்தாலும் சரி, காரணமே தெரியாத பதற்றமாக இருந்தாலும் சரி, இரண்டும் போய்ச் சேருவது ஒரே இடத்துக்கு.

இந்த நம்பிக்கை தவறு என்கிறேன். அந்தக் கோடு கோடருக்குப் பாதுகாப்பு, அவருடைய டீமுக்குப் பாதுகாப்பு, நிறுவனத்தின் மாதாந்திர அறிக்கைக்குப் பாதுகாப்பு. எந்த நோயாளிக்காக அந்த ஆவணம் எழுதப்பட்டதோ அவருக்கு மட்டும் அதில் பாதுகாப்பு இல்லை.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும், டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, அதிலுள்ள ஒவ்வொரு நோயையும் ஐசிடி-10-சிஎம் என்ற பட்டியலிலுள்ள கோடாக மாற்ற வேண்டும். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே இந்தப் பட்டியல்தான் நடைமுறையில் இருக்கிறது. 70,000-க்கும் மேற்பட்ட கோடுகள். அந்தக் கோடுகளை வைத்துத்தான் இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தருகிறது. இந்த வேலையில் கணிசமான பகுதி இந்தியாவுக்கு வருகிறது. வருகிற இடங்களில் சென்னை முக்கியமானது. நுண்ணுயிரியல், பார்மஸி, நர்சிங், பிசியோதெரபி, பயோடெக் படித்த நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இதைச் செய்கிறார்கள். ஆகவே அமெரிக்க நோயாளி ஒருவரின் பதற்றத்துக்கு என்ன பெயர் என்பது பல நேரங்களில் தமிழ்நாட்டில் ஒரு கம்ப்யூட்டர் திரையின் முன்னால்தான் முடிவாகிறது.

ஒரு சார்ட்டைப் பார்ப்போம். எந்தத் தனிமனிதருடையதும் அல்ல. ஆனால் இந்த வேலையில் இருப்பவர்கள் யாரும் இதைப் பார்த்ததில்லை என்று சொல்ல மாட்டார்கள். நாற்பதை நெருங்கும் பெண். சில மாதங்களாகப் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமில்லை, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறது. நாடித் துடிப்பு 118. ரத்தப் பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் 0.01-க்கும் கீழே. குறிப்பின் கடைசியில் டாக்டர் இரண்டு வரி எழுதுகிறார். முதல் வரி: ஹைப்பர்தைராய்டிசம், மெத்திமசோலும் ப்ரோப்ரனலாலும் தொடங்கப்படுகிறது. இரண்டாவது வரி: ஆங்சைட்டி. அவ்வளவுதான்.

கோடர் ஹைப்பர்தைராய்டிசத்துக்கு இ05.90 போடுகிறார், அடுத்து ஆங்சைட்டிக்கு எஃப்41.9 போடுகிறார், சார்ட் முடிகிறது. ஆடிட்டரும் டிக் அடிக்கிறார். டாக்டர் எழுதியது அப்படியே கோடாகிவிட்டதே, தப்பு எங்கே?

அந்த இரண்டாவது வரிக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு உண்மைகள் இருக்கக்கூடும். ஒன்று: படபடப்பும் பரபரப்பும் தைராய்டு நோயின் வழக்கமான அறிகுறிகள் மட்டுமே. அப்படியானால் அவற்றுக்குத் தனிக் கோடே கூடாது. நோயோடு ஒட்டிய அறிகுறியைத் தனியாகக் கோடு செய்யாதே என்று அதிகாரபூர்வ வழிகாட்டி நெறிகளின் முதல் பகுதியிலேயே இருக்கிறது. இரண்டு: தைராய்டு ஹார்மோன் மிகுந்து, அதன் நேரடி விளைவாகப் பதற்றம் தனியொரு நோயாகவே முற்றியிருக்கிறது. அதற்கான கோடு எஃப்06.4. அதற்கு முன்னால் தைராய்டு நோயின் கோடு வர வேண்டும். காரணம் முன்னே, விளைவு பின்னே என்பது அந்த வகைக் கோடுகளின் விதி. மூன்று: தைராய்டு கெடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவருக்குப் பொதுப் பதற்ற நோய் இருந்திருக்கிறது. அது எஃப்41.1. நான்கு: நோய் என்று தெரிந்ததும் வந்த மனக்கலக்கம், அதாவது புதிய நிலைமைக்கு மனம் பழக முடியாத தவிப்பு. அது எஃப்43.22.

நான்குக்கும் காரணம் வேறு, சிகிச்சை வேறு, வரப்போகும் நாட்களின் போக்கும் வேறு. இவற்றில் எது உண்மை என்று அந்தப் பெண்ணைப் பார்த்த டாக்டருக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லவும் அவரால் முடியும். எஃப்41.9 இந்த நான்கில் எதையும் சொல்வதில்லை. ஆனால் பதற்ற நோய் ஒன்று இருக்கிறது என்று மட்டும் அடித்துச் சொல்கிறது. காரணத்தைச் சொல்லாமல் விட்டதோடு நில்லாமல், பதற்ற நோய் என்ற முத்திரையையும் குத்திவிடுகிறது. இதை நடுநிலை என்று எப்படிச் சொல்வது?

"எந்தக் கோடு போட்டாலும் பணம் ஒன்றுதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம்?" என்பது நான் அடிக்கடி கேட்கும் முதல் வாதம். சாதாரண கிளினிக் வருகையில் டாக்டருக்குப் போகும் கட்டணம் மாறாமலே இருக்கலாம். ஆனால் கோடு கட்டணத்தோடு முடிந்துவிடுவதில்லை. அது இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தரவில் தங்குகிறது. அந்தத் தரவைத்தான் ஆராய்ச்சியாளர்கள் எடுத்து எந்த நோய் எவ்வளவு, எதோடு எது சேர்ந்து வருகிறது என்று எண்ணுகிறார்கள். உடல்நோயால் வரும் பதற்றத்தையெல்லாம் நாம் எஃப்41.9-இல் கொட்டிக்கொண்டிருந்தால், அப்படியொரு நிலை அரிதிலும் அரிது என்றுதான் கணக்கு காட்டும். அரிது என்று கணக்கு காட்டுவதைத் தேட எந்த டாக்டருக்கும் தோன்றாது.

அதைவிடப் பெரிய கேடு நோயாளியின் சொந்த ஆவணத்தில் நடக்கிறது. முந்தைய வருகைகளின் நோய்ப் பட்டியல் அடுத்த டாக்டரின் திரையில் முதலில் வந்து நிற்கிறது. அதில் பதற்ற நோய் என்று இருந்தால், அடுத்த முறை அவர் மூச்சுத் திணறலோடும் நெஞ்சுப் படபடப்போடும் அவசரப் பிரிவுக்குப் போகும்போது என்ன ஆகும்? "ஏற்கெனவே ஆங்சைட்டி உள்ளவர்தானே" என்ற எண்ணம் பரிசோதனைக்கு முன்பே வந்துவிடும். மனநோய் முத்திரை விழுந்தவர்களின் உடல் அறிகுறிகள் மனத்தின் கணக்கில் எழுதப்பட்டுத் தள்ளப்படுவது மருத்துவ உலகம் தானே பெயரிட்டு ஒப்புக்கொண்ட குறைபாடு. நுரையீரல் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொள்ளும்போது திடீர்ப் பதற்றமும் ஓர் அறிகுறி. இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும்போதும் அப்படியே. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கினாலும் அப்படியே. இவற்றில் எதையும் ‘பழைய ஆங்சைட்டி’ என்று தள்ளிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் வரும் ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற கட்டியைப் பாருங்கள். அது அட்ரினலின் வகை ஹார்மோன்களை விட்டு விட்டு ரத்தத்தில் கொட்டும். தலைவலி, வியர்வை, படபடப்பு, கூடவே சாவு வந்துவிட்டது போன்ற பீதி. பார்ப்பவர்களுக்கு அச்சு அசல் பேனிக் அட்டாக். பதற்றத்துக்குச் சில நேரம் கொடுக்கும் ப்ரோப்ரனலாலை, முதலில் ஆல்ஃபா தடுப்பு மருந்து கொடுக்காமல் இந்த நோயாளிக்குக் கொடுத்தால் ரத்த அழுத்தம் கட்டுமீறி ஏறக்கூடும். தைராய்டு நோயாளிக்கு உதவுகிற அதே மாத்திரை இவருக்கு எமன். காரணம் தெரியாத பதற்றம் என்று எழுதிக் கடந்துபோவது எப்படிப் பாதுகாப்பாகும்?

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. "நாம் டாக்டர் இல்லை. ஆவணத்தில் இருப்பதைத்தான் கோடு செய்யலாம். டிஎஸ்எச்சைப் பார்த்து இதனால்தான் அது என்று முடிவு கட்ட நமக்கு உரிமை இல்லை." முழுக்க முழுக்கச் சரி. ஹைப்பர்தைராய்டிசம் ஒரு வரியிலும் ஆங்சைட்டி இன்னொரு வரியிலும் இருந்தால் இரண்டையும் முடிச்சுப் போட்டு எஃப்06.4 போடும் கோடர் தவறு செய்கிறார். உறவைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அவர் சொல்லும் விதத்திலும் நுணுக்கம் உண்டு. ‘தைராய்டினால் வந்திருக்கக்கூடும்’ என்று வெளிநோயாளி வருகையின் குறிப்பில் எழுதியிருந்தால் அதை உறுதியான நோயாகக் கோடு செய்யக் கூடாது. அதே வாசகம் உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பில் இருந்தால் செய்யலாம். இதெல்லாம் கோடர்களுக்கு மனப்பாடம்.

ஆனால் இந்த வாதத்தைச் சொல்பவர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். முடிவு கட்ட உரிமை இல்லை என்றால் கேட்கும் கடமை இருக்கிறது. அதற்குத்தான் க்யூரி என்ற முறையே இருக்கிறது. எப்படிக் கேட்பது என்பதற்கு அமெரிக்காவின் ஏஹிமா, அக்டிஸ் என்ற இரு தொழில் அமைப்புகளும் சேர்ந்து விதிமுறையே வகுத்திருக்கின்றன. 2019-இல் வந்ததை 2022-இல் புதுப்பித்தார்கள். டாக்டரின் வாயில் விடையைத் திணிக்கக் கூடாது, கட்டணத்தைப் பற்றிப் பேசக் கூடாது, ஆவணத்தில் உள்ள சான்றுகளைக் காட்டித் திறந்த மனதோடு கேட்க வேண்டும். மேலே சொன்ன சார்ட்டுக்கு அது இப்படி இருக்கும்:

"இந்த வருகையில் ஹைப்பர்தைராய்டிசம், ஆங்சைட்டி என இரண்டும் பதிவாகியுள்ளன. நாடித் துடிப்பு 118, கை நடுக்கம், டிஎஸ்எச் 0.01-க்கும் கீழ் எனக் குறிப்பில் உள்ளது. உங்கள் மருத்துவக் கணிப்பின்படி ஆங்சைட்டியின் தன்மையைத் தெளிவுபடுத்தவும்: ஹைப்பர்தைராய்டிசத்தின் அறிகுறி மட்டுமே, ஹைப்பர்தைராய்டிசத்தின் விளைவாக வந்த பதற்ற நோய், அதற்குத் தொடர்பில்லாத தனிப் பதற்ற நோய், நோயை ஏற்கும் மனத்தடுமாற்றம், வேறு, இப்போது தீர்மானிக்க இயலாது."

இவ்வளவுதான். டாக்டருக்கு ஒரு நிமிட வேலை. கடைசித் தெரிவை அவர் எடுத்தால், அப்போது எஃப்41.9 போடுங்கள், அது நேர்மையான எஃப்41.9. குறிப்பிடப்படாத கோடுகளுக்கு இடம் உண்டு என்று வழிகாட்டி நெறிகளே சொல்கின்றன. அந்த வருகையில் எந்த அளவுக்குத் தெரிந்திருக்கிறதோ அந்த அளவுக்குக் கோடு செய் என்பதுதான் அதன் சாரம். டாக்டரும் தேடிப் பார்த்துத் தெரியவில்லை என்பது ஒன்று. தெரிந்தவரிடம் யாரும் கேட்கவில்லை என்பது வேறு. நம் ஃப்ளோர்களில் இந்த இரண்டாவதுக்கு முதலாவதன் சட்டையைப் போட்டு அனுப்புகிறோம்.

மூன்றாவது வாதத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை, காதோடு காதாகச் சொல்வார்கள்: "எஃப்06.4 போட்டால் தலைவலி. முதல் கோடு உடல்நோயாக இருக்க வேண்டும். மனநல கிளினிக்கின் கிளைமில் முதல் வரியில் தைராய்டு வந்தால் இன்சூரன்ஸ்காரன் திருப்பி அனுப்புவான்." திரும்பி வரலாம், மறுக்கவில்லை. ஆனால் கிளைம் தடையின்றிப் போக வேண்டும் என்பதற்காக நோயின் பெயரை மாற்றுவது கோடிங் ஆகாது. பணம் கூடுவதற்காகக் கோடை ஏற்றுவது மோசடி என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். பணம் நிற்காமல் வருவதற்காகக் கோடை மழுப்புவது மட்டும் எப்படிச் சாமர்த்தியம் ஆகும்? தவறாகத் திருப்பி அனுப்பப்பட்ட கிளைமுக்கு மேல்முறையீடு இருக்கிறது. கிளைம் படிவத்தில் 12 நோய்க் கோடுகளுக்கு இடமும் இருக்கிறது. உண்மையை வரிசைப்படி எழுத இடம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

நான்காவது வாதம் படித்தவர்களிடமிருந்து வருகிறது. உடல் வேறு மனம் வேறு என்று பிரிப்பதே பழைய சிந்தனை, எல்லாப் பதற்றத்துக்கும் உடலில் வேர் இருக்கிறது, ஆகவே இந்தப் பாகுபாடே செயற்கை என்கிறார்கள். இந்தக் கவலையை மருத்துவம் ஏற்கெனவே கேட்டுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10, உடல்நோயால் வரும் பதற்றத்துக்கு உறுப்புசார் பதற்றம் என்ற பொருளில் பெயரிட்டிருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேடு 1994-இல் அந்த உறுப்புசார் என்ற பிரிவையே கைவிட்டது. மற்ற மனநோய்களுக்கு உடலில் வேரில்லை என்று அது நினைக்கவைக்கும் என்பதால். ஆனால் பிரிவின் பெயரை விட்டார்களே தவிர, நோயைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11-இலும் அது 6இ63 என்ற கோடில், இன்னொரு நோயின் விளைவாக வரும் பதற்றமாகவே இருக்கிறது. தத்துவத்தில் உடலும் மனமும் ஒன்றாகவே இருக்கட்டும். எதைச் சரிசெய்தால் இந்தப் பதற்றம் தணியும் என்ற கேள்வி அப்போதும் அப்படியே நிற்கும்.

பார்க்கின்சன் நோயில் இது கண்ணெதிரே தெரியும். லெவோடோபா மாத்திரையின் வீரியம் அடுத்த வேளைக்கு முன்பே குறையத் தொடங்கும்போது சிலருக்குக் கை கால் விறைப்போடு பதற்றமும் சேர்ந்து ஏறுகிறது. அடுத்த மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் இரண்டும் இறங்குகின்றன. அவருக்குத் தேவை மாத்திரை வேளைகளைச் சீர்செய்யும் நரம்பியல் டாக்டர். அவருடைய ஆவணத்தில் காரணமில்லாப் பதற்றம் என்று எழுதினால் அவர் தூக்க மாத்திரைக்கும் மன அமைதி மாத்திரைக்கும் அனுப்பப்படுவார். வயதானவர், அந்த மாத்திரையின் மயக்கத்தில் கீழே விழுவார்.

எல்லா நோயிலும் கோடு இவ்வளவு தெளிவாகப் பிரியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சு முட்டுவதால் பயம் வருகிறது, பயத்தால் மூச்சு வேகமாகி இன்னும் முட்டுகிறது. போதாததற்கு இன்ஹேலர் மருந்தே நெஞ்சைப் படபடக்க வைக்கும். மருந்தின் பக்கவிளைவு என்றால் கோடு செய்யும் வழியே வேறு. எது முதல், எது பிறகு என்று டாக்டராலேயே சொல்ல முடியாமல் போகலாம். சிக்கல் இருக்கிறது என்பது கேட்காமல் இருப்பதற்குக் காரணமாகாது. சிக்கலான இடத்தில்தான் கேள்வி அவசியம்.

இதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எஃப்06.4 பற்றிப் புதிதாகத் தெரிந்துகொண்டவர்கள் சிலர், உடல்நோயும் பதற்றமும் ஒரே சார்ட்டில் இருந்தால் உடனே அதைத் தூக்கிப் போடுகிறார்கள். ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்கும் புற்றுநோயாளி நடுங்குகிறார் என்றால், கட்டி அவர் மூளையையோ ஹார்மோனையோ தாக்கி அந்த நடுக்கத்தை உண்டாக்கவில்லை, அவர் பயப்படுகிறார். நோயைப் பற்றிய பயம் வேறு, நோயே உடலுக்குள் கிளப்பும் பதற்றம் வேறு. உடலின் இயக்கக் கோளாறு நேரடியாகப் பதற்றத்தை உண்டாக்கியது என்பதற்கு வரலாறு, பரிசோதனை, ஆய்வக முடிவு ஆகியவற்றிலிருந்து சான்று வேண்டும் என்று டிஎஸ்எம் கேட்கிறது. மனிதருக்கு இயல்பான பயத்தை நோயாக்குவதும், நோயை வெறும் பயமாக்குவதும் அநீதிதான். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஊகிக்காதே, கேள்.

அப்படியானால் ஏன் கேட்பதில்லை? கோடர்கள் சோம்பேறிகள் என்று சொன்னால் அது அபாண்டம். மணிக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட் தலைமேல் தொங்குகிறது. க்யூரி போட்டால் அந்த சார்ட் நிலுவையில் நிற்கும், அந்த நாளின் எண்ணிக்கை குறையும், டீம் லீட் கேட்பார், ஊக்கத்தொகை போகும். ஆடிட்டில் 95 சதவீதத் துல்லியம் வேண்டும் என்பார்கள். ஆனால் அந்த ஆடிட், போட்ட கோடுக்கு ஆவணத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்பட்டதா என்று பார்ப்பதில்லை. சிபிசி என்ற கோடிங் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயாராகும்போதும் இதே பழக்கம்தான் ஊறுகிறது. 4 மணி நேரத்தில் 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வுத்தாளில் டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. அதையே வேலையின் இலக்கணமாக எடுத்துக்கொண்டு பிள்ளைகள் ஃப்ளோருக்கு வருகிறார்கள். அங்கிருக்கும் டார்கெட் அந்தப் பழக்கத்தை உறுதிப்படுத்துகிறது.

ஆகவே என் கோரிக்கை கோடர்களைவிட அவர்களை நடத்துபவர்களிடம்தான். நியாயமான க்யூரி போட்ட சார்ட்டை முடிந்த சார்ட்டாகவே டார்கெட்டில் எண்ணுங்கள். ஆடிட் படிவத்தில் ‘க்யூரி தேவைப்பட்டது, போடப்படவில்லை’ என்று ஒரு வரியைச் சேர்த்து அதற்கு மதிப்பெண் கழியுங்கள். ‘தேவையற்ற க்யூரி’ என்பதற்கும் ஒரு வரி வையுங்கள். பயிற்சியில் எஃப்41-ஐ நடத்தும் நாளிலேயே எஃப்06-ஐயும் எஃப்43-ஐயும் பக்கத்தில் வைத்து நடத்துங்கள். வாடிக்கையாளர் மருத்துவமனைகளிடம், பதற்றம் என்று எழுதும்போது எதனால் என்றும் ஒரு வார்த்தை எழுதச் சொல்லி மாதாந்திர அறிக்கையில் கேளுங்கள். பல டாக்டர்கள் தங்கள் குறிப்பு கடல் கடந்து எப்படிப் படிக்கப்படுகிறது என்று யாரும் சொல்லாததால்தான் அப்படி எழுதுகிறார்கள். வார்த்தையைக் கண்டதும் கோடைக் கொட்டும் மென்பொருள்கள் இந்த வேலைக்குள் வந்துகொண்டிருக்கும் காலம் இது. ஆங்சைட்டி என்ற சொல்லைப் பார்த்ததும் எஃப்41.9 போடுவது மட்டுமே நம் திறமை என்றால், அதற்கு மனிதர் தேவையில்லை என்று நாளை சொல்வார்கள், அப்போது பதில் சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது.

கோடர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் உடற்கூறியல் படித்திருக்கிறீர்கள், மருந்தியல் படித்திருக்கிறீர்கள். டிஎஸ்எச் 0.01 என்பதைப் பார்த்ததும் உங்களுக்குள் ஒரு சந்தேகம் எழத்தான் செய்கிறது. அதை அடக்கிக்கொண்டு சேஃப் கோடு போடாதீர்கள். அந்தச் சந்தேகத்தை ஒரு கேள்வியாக எழுதி டாக்டருக்கு அனுப்புவதற்காகத்தான் அந்த நாற்காலியில் படித்த ஒருவரை உட்கார வைத்திருக்கிறார்கள்.